ஓர் ஊர் காடாவதையும் பொட்டலாவதையும் மழையளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மழை எத்தனை மாதம் பெய்கிறது, வெயில் அதில் எவ்வளவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓரிடத்தின் பயோம், அதாவது அங்கே இயல்பாக அமையும் உயிர்ச்சூழல், மழைக்காடா, புல்வெளியா, பாலைவனமா என்பது பிடிபடும்.

பாளையங்கோட்டையில் பெய்யும் மழை லண்டன் மழைக்குக் குறைந்ததில்லை. லண்டனில் அது வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது, குளிரில் ஈரமும் காயாமல் நிற்கிறது, அதனால் ஓக் மரங்கள் வளர்கின்றன. நமக்கோ பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் வெயில், ஆனி ஆடியில் மேல்காற்று. இதைத் தாங்குவது பொடி இலையும் நீள முள்ளுமாகக் குடை விரித்து நிற்கும் உடைமரமும் பனையும்தான்.

இதே மாவட்டத்தில் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறிப் பாருங்கள். அடிவாரத்தில் முள்காடு, கொஞ்சம் மேலே கோடையில் இலையுதிர்க்கும் மரங்கள், நாலுமுக்கு தாண்டிக் கோதையாறு பக்கம் போனால் உச்சிவெயில்கூடத் தரையில் விழாத பசுமைமாறாக் காடு. மேலே இரண்டு பருவமழையும் கிடைக்கிறது, 3000 மி.மீ. தாண்டும், அதைவிட முக்கியம், வறண்ட மாதங்கள் குறைவு. அரபிக்கடல் காற்று மலையேறும்போது குளிர்ந்து மழையை அங்கேயே இறக்கிவிடுகிறது, கிழக்கே இறங்கும்போது சூடாகி வறண்டுவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் திசையன்விளையில் புழுதி பறப்பது இதனால்தான்.

உலக அளவிலும் காற்று செய்யும் வேலை இதுதான். நிலநடுக்கோட்டில் சூடாகி மேலேறும் காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டு, 30 பாகை அட்சரேகைப் பக்கம் வறண்டு இறங்குகிறது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. சைபீரியத் தூந்திரத்தில், அதாவது மரம் வளராத வடகோடிக் குளிர்நிலத்தில், பல இடங்களில் மழையும் பனியும் சேர்ந்தே 250 மி.மீ. வராது, பாலைவனக் கணக்குதான், ஆனாலும் கோடையில் தரை சதசதவென்று கிடக்கும், ஏனென்றால் குளிரில் நீர் அதிகம் ஆவியாவதில்லை, அடியில் மண் உறைந்திருப்பதால் கீழேயும் இறங்காது.

மண்ணையும் மறக்க வேண்டாம். குட்டம் பக்கத்துச் செந்தேரி என்னும் செம்மணல்காடு பாலைவனம்போலத் தெரிவதற்கு மணலில் தண்ணீர் நிற்காததும் ஒரு காரணம்.

உடைமரக் காட்டைத் தரிசு என்று சொல்லிக் கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அது நம் மழைக்கு ஏற்ப அமைந்த காடு; வல்லநாட்டில் வெளிமான்கள் மேய்வதும் அப்படிப்பட்ட புதர்க்காட்டில்தான். அதை அழித்துவிட்டு மலைக்காட்டு மரக்கன்று நடக் கிளம்புகிறவர்கள், முதலில் அந்த ஊரின் மாதவாரி மழைக் கணக்கை வாங்கிப் பாருங்கள்.