பார்வையில்லாத தம்பி கோடிங் கற்க 65,000 ரூபாய் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பி.காம். இரண்டாம் வருடத்தோடு படிப்பும் நின்றுவிட்டது. போனில் டாக்பேக் வைத்து எல்லா வேலையும் அவனே பார்த்துக்கொள்கிறான். இப்போது கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்க ஆசைப்படுகிறான். வேலூரில் ஒரு பயிற்சி மையத்தில் 65,000 ரூபாய் கேட்கிறார்கள். பார்வையற்றோருக்கான ‘ஸ்பெஷல் சாஃப்ட்வேர்’ அதில் அடக்கம், வேலைக்கும் கேரண்டி என்கிறார்கள். ஜிபேயில் 5,000 அட்வான்ஸ் அனுப்பிவிட்டோம். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் வரிக்கு முன்னால் இடம் விட்டு எழுத வேண்டுமாம், பார்க்க முடியாதவன் அதை எப்படிச் செய்வான் என்று பக்கத்து வீட்டு இன்ஜினியர் வேறு பயமுறுத்துகிறார்.
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டிய 5,000 பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘ஸ்பெஷல் சாஃப்ட்வேர்’. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இந்த மென்பொருளுக்கு ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர். உங்கள் தம்பி போனில் வைத்திருக்கும் டாக்பேக்கும் அதே ரகம்தான். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு என்விடிஏ என்று ஒன்று இருக்கிறது. முழுக்க இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் ஆரம்பித்தார், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது. அந்த மென்பொருளின் பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. ஆம், தம்பி கற்கப்போகும் அதே பைத்தான். பக்கத்து வீட்டு இன்ஜினியரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

அந்த மையம் தரப்போவது இந்த இலவச மென்பொருளாக இருந்தால், இல்லாத விலைக்கு விற்கிறார்கள். ஜாஸ் என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடராக இருந்தால், அது காசு கொடுத்து வாங்கும் அமெரிக்க மென்பொருள், விலை அதிகம். அசல் லைசென்ஸ் உங்கள் தம்பி பெயரில் வருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வராது. கிராக் செய்த பழைய பதிப்பை பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார்கள். விண்டோஸ் ஒரு அப்டேட் ஆனதும் அது ஊமையாகிவிடும். அப்புறம் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒரு வசூல்.

ஜாஸை யாருமே வாங்கக் கூடாதா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மையத்தில் இதைத்தான் திரித்துச் சொல்வார்கள். சில நிறுவனங்களின் உள் மென்பொருள்கள் ஜாஸோடு மட்டும் ஒழுங்காக ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அங்கே வேலை கிடைத்தால் ஜாஸ் தேவை. ஆனால் அப்போது அதை வாங்க வேண்டியது கம்பெனி. லைசென்ஸ் கம்பெனியின் பெயரில், கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும். வேலைக்குச் சேரும் முன் பழகிப் பார்க்க வேண்டுமா? லைசென்ஸ் இல்லாமலே ஜாஸ் 40 நிமிடம் முழுமையாக ஓடும். நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 40 நிமிடம். பழகுவதற்கு அது தாராளம். என்விடிஏ தெரிந்தவர் ஜாஸுக்கு மாறுவதும் பெரிய வித்தை இல்லை, சில விசைகள்தான் வேறு. ஆக, வேலை கையில் வந்து, கம்பெனியும் கேட்டு, கம்பெனியே பணம் கொடுத்தால் ஜாஸ். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

சரி, வரிக்கு முன்னால் இடம் விடும் விஷயம். பைத்தானில் அந்த இடம் அழகுக்காக விடுவதல்ல. எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதையே அதுதான் சொல்கிறது. என்விடிஏ-யில் இன்சர்ட், கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு செட்டிங்ஸ் பகுதி திறக்கும். அதில் வரியின் முன்னிடத்தைச் சொல்லும் வசதி இருக்கிறது. பேச்சாகச் சொல்லலாம், பீப் ஒலியாகச் சொல்லலாம், இரண்டும் வைத்துக்கொள்ளலாம். பேச்சில் வைத்தால் ‘4 ஸ்பேஸ்’ என்று சொல்லிவிட்டுத்தான் வரியைப் படிக்கும். முந்தைய வரியும் அதே அளவில் இருந்தால் திரும்பச் சொல்லித் தொல்லை செய்யாது, மாறினால் மட்டும் சொல்லும். ஒலியாக வைத்தால் இடம் கூடக்கூட ஸ்ருதி ஏறும்.

இதில் தம்பிக்கு ஒரு லாபமும் உண்டு. நான்கு ஸ்பேஸும் ஒரு டேப்பும் திரையில் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும். கண் உள்ள மாணவர்கள் இரண்டையும் கலந்து எழுதிவிட்டு, எங்கே தப்பு என்று தெரியாமல் விழிப்பார்கள். தம்பிக்கு ஒன்று ‘4 ஸ்பேஸ்’ என்றும் மற்றது ‘டேப்’ என்றும் காதில் விழுந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நிறுத்தக்குறிகளில் இருக்கிறது, அதை யாரும் சொல்லித்தருவதில்லை. என்விடிஏ-யை நிறுவியதும் அது கதைப் புத்தகம் படிக்கும் தோரணையில் இருக்கும். பைத்தானின் முதல் பாடமான ‘ஹலோ’ வரியை அதில் கேட்டால் ‘பிரிண்ட் ஹலோ’ என்று மட்டும் சொல்லும். அடைப்புக்குறியும் மேற்கோள் குறியும் இருப்பதே தெரியாது. பையன் கேட்டபடியே எழுதுவான், கம்ப்யூட்டர் பிழை காட்டும், ‘எனக்கு இது வராது’ என்று உட்கார்ந்துவிடுவான். இன்சர்ட், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி, ‘ஆல்’ என்று சொல்லும்வரை மாற்றச் சொல்லுங்கள். இப்போது அதே வரி ‘பிரிண்ட் லெஃப்ட் பாரன் கோட் ஹலோ கோட் ரைட் பாரன்’ என்று கேட்கும். முதல் வாரம் காது குடையும், பிறகு பழகிவிடும். எல்லா நேரமும் இப்படிக் கேட்க வேண்டியதில்லை. புரோகிராம் எழுதும் மென்பொருளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு, செய்தி படிக்கும்போது பழையபடி என்று தனித்தனியாகவும் வைத்துக்கொள்ளலாம். குரல் தமிழிலும் உண்டு. ஆனால் புரோகிராமைக் கேட்கும்போது ஆங்கிலக் குரலே இருக்கட்டும், உச்சரிப்புக் குழப்பம் மிச்சம்.

இதற்கெல்லாம் முன்னால் தட்டச்சு. கோடிங் என்று கிளம்புகிறவர்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். குடியாத்தத்திலேயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஏதாவது இன்னும் நடந்துகொண்டிருந்தால் அங்கே அனுப்புங்கள். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேட்டில் விரலை வைத்து, நம் அப்பா காலத்து ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ பயிற்சியை அடிக்கட்டும். 65,000 கேட்கும் மையத்தைவிட அந்த ஆசிரியரால் அதிகப் பயன் உண்டு. இன்ஸ்டிட்யூட்டில் ‘பார்வை இல்லாதவரைச் சேர்க்க முடியாது’ என்றால், வாதாட வேண்டாம். வீட்டில் நீங்கள் எழுத்துக்களைச் சொல்ல, அவன் அடிக்கட்டும்.

லேப்டாப்புக்குப் பெரிய செலவு வேண்டாம். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய லேப்டாப் போதும். திரையில் கோடு விழுந்ததாக இருந்தால் விலை இன்னும் குறையும், தம்பிக்கு அதனால் நஷ்டமும் இல்லை. வலது பக்கம் எண்கள் உள்ள யூஎஸ்பி கீபோர்டு ஒன்று தனியாக வாங்கிக்கொடுங்கள், என்விடிஏ-யின் பாதி விசைகள் அங்கேதான் இருக்கின்றன.

எதில் எழுதுவது? பைத்தானோடு ஐடில் என்று ஒரு சின்ன மென்பொருள் சேர்ந்தே வரும். கல்லூரிகளிலும் மையங்களிலும் அதைத்தான் முதலில் திறப்பார்கள். ஸ்க்ரீன் ரீடருக்கு அது சுவர், உள்ளே இருப்பதைப் படிக்காது. ‘இவனுக்குச் செட் ஆகாது’ என்று பல பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது இந்த ஒரு மென்பொருள்தான், அனுப்பிய ஆசிரியருக்கே அது தெரியாது. திரையில் ஆமையை நகர்த்திப் படம் வரையும் பாடங்களும், கட்டங்களை மவுஸால் இழுத்து ஒட்டும் ஸ்க்ராட்சும் அதே கதை, தள்ளிவிடுங்கள். நோட்பேடில் எழுதி, எழுத்தால் கட்டளை கொடுக்கும் கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டட்டும். கை பழகியதும் விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற மென்பொருளுக்கு மாறலாம். இலவசம்தான், ஸ்க்ரீன் ரீடருக்கென்றே அதில் நிறைய வசதி செய்திருக்கிறார்கள். எஃப் 8 அழுத்தினால் பிழை இருக்கும் இடத்துக்கே போய் நிற்கும். பைத்தான் பிழைச் செய்தி நீளமாக வரும்போது கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள், என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். வரி எண் அதற்குச் சற்று மேலே. கன்ட்ரோல், ஜி அழுத்தி அந்த எண்ணை அடித்தால் நேராகப் போய்விடலாம்.

பாடத்துக்கு யூடியூப் வீடியோக்களை நம்ப வேண்டாம். ‘இதோ இங்கே இதை இப்படிப் போடுங்கள்’ என்பதில் எது இங்கே, எது இது? பைத்தானின் சொந்தத் தளத்தில் உள்ள பாடம் எழுத்து வடிவில் இருக்கிறது, எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். தமிழில் கேட்க ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. வீடியோதான், ஆனால் செய்வதை வாயாலும் சொல்லிக்கொண்டே போவார்கள். இரண்டுக்கும் காசில்லை.

அடுத்தது அடையாள அட்டை. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டை இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள், கட்டணம் கிடையாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீதமும் உயர்கல்வியில் 5 சதவீதமும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு. குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். சான்றுக்கான மருத்துவ முகாம் நடக்கும் இடத்தில் ‘நான் முடித்துத்தருகிறேன், டாக்டர் தெரிந்தவர்’ என்று ஒருவர் வருவார். பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். பார்வையில்லாதவர் ஒரு கையெழுத்துக்காகக் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்க வேண்டியிருப்பது கொடுமைதான். ஆன்லைனில் செய்யலாமே என்றால், பல அரசுத் தளங்களில் கடைசியில் ஒரு படத்தைக் காட்டி ‘இதில் உள்ள எழுத்தை அடி’ என்று கேட்கும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தப் படம் இன்னும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

இனி அந்த 5,000. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகும்போது தம்பியையும் கூட்டிப்போங்கள். பயிற்சியாளரிடம், மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸையும் கழற்றிவிட்டு, ஸ்க்ரீன் ரீடரை மட்டும் கேட்டு நான்கு வரி புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செய்துகாட்டிவிட்டால் அவரிடம் கற்க விஷயம் இருக்கிறது, மாதக் கட்டணத்துக்குப் பேசலாம். மொத்தமாக மட்டும் வேண்டாம். முடியாவிட்டால் அவர் எதிரிலேயே ‘பணத்தைத் திருப்பித்தாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். வேலை கேரண்டி என்று அவர்கள் அனுப்பிய மெசேஜ், நோட்டீஸ் எதையும் அழித்துவிடாதீர்கள். ரசீது தரவில்லை என்றாலும் ஜிபே பதிவு சாட்சியாக நிற்கும். தரமாட்டோம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் நடக்காவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.