நீரிழிவுப் பாதமும் செங்கமாரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை கிடைத்த கடிதங்களுள் ஏறத்தாழப் பாதி நீரிழிவுப் பாதத்தைப் பற்றியவை. எஞ்சியவை செங்கமாரியையும் (மஞ்சட் காமாலை) அதற்குக் காரணமான, ஹெபடைட்டிஸ் எனும் ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரசுகளையும் பற்றியவை. ஒரே வினாவைப் பலர் எழுப்பியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி (நிலாவெளி): பதினைந்து வருடமாக எனக்கு நீரிழிவு. கரைவலைத் தொழில் செய்வதால் வெறுங்காலுடன்தான் நிற்கிறேன். பாதம் சற்று விறைப்பாக இருக்கிறது, ஆனால் வலி இல்லை. கிளினிக்கில் காட்ட வேண்டுமா?

பதில்: கட்டாயம் காட்ட வேண்டும். வலி இல்லாமையை நல்ல அறிகுறியாகக் கொள்ளாதீர்கள் என்று பலமுறை எழுதியிருக்கிறேன். நீரிழிவுப் பாதத்தில் ஆபத்து தொடங்குவதே வலி தெரியாமற் போகும் இடத்தில்தான். 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்திப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். இழை தொடுவது உங்களுக்குத் தெரியாவிட்டால், மற்ற அனைத்தும் சரியாக இருந்தாலும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பாதத்தைக் காட்ட வேண்டும். குருதியோட்டக் குறைவோ விரல்களின் உருக்கோணலோ சேர்ந்திருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. முன்பு புண் வந்தவராகவோ விரல் அகற்றப்பட்டவராகவோ இருந்தால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை. நீரிழிவுள்ளவர்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண் காண்போர் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை என மதிப்பிடப்படுகிறது. கரையில் நிற்கும்போது நீர் வடியக்கூடிய, விரல்களை மூடும் காலணியை அணியுங்கள். ஒவ்வொரு முறையும் அணிவதற்கு முன் கையை உள்ளே விட்டு, சிப்பியோ முள்ளோ கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): பெருவிரற் புண் போன வருடம் முழுமையாக ஆறிவிட்டது. இனிச் சாதாரணச் செருப்பு அணியலாமா?

பதில்: கூடாது. ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 40 பேரிலும், ஐந்து வருடங்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிலும் மீண்டும் வருகிறது. புண் ஆறினாலும், அதனை உண்டாக்கிய அழுத்தமும் விறைப்பும் அப்படியேதான் இருக்கின்றன.

கேள்வி (பாலையூற்று): கால் விறைப்புக்குக் கன்னியா வெந்நீரூற்றில் பாதத்தை ஊற வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சூட்டை உணராத பாதத்துக்கு வெந்நீர் எதுவாயினும் ஆபத்தே. உச்சிவேளையில் கோணேசர் கோவிலின் சுடுகல்லில் வெறுங்காலுடன் நடப்பதும் இதே வகைதான். காலையில் செல்லுங்கள், வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கேள்வி (திருகோணமலை நகர்): கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையினதோடு ஒப்பிடும் கணுக்கால்–கை அழுத்த விகிதம் 1.4 என்று வந்துள்ளது. 0.9க்குக் குறைந்தால்தான் கெடுதி என்று படித்தேன். எனது குருதியோட்டம் மிக நன்றாக உள்ளது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. நீண்டகால நீரிழிவில் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து, அழுத்தப் பட்டியால் நாடியை நசுக்க முடியாமற் போவதால் விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். பெருவிரல் அழுத்தத்தை அளக்கும்படி கேளுங்கள்.

கேள்வி (குச்சவெளி): எனக்கு ஹெபடைட்டிஸ் பொசிட்டிவ் என்று றிப்போட் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: எந்த ஹெபடைட்டிஸ்? ஏ, பி, சி, டி, ஈ என்னும் ஐந்து வைரசுகளும் ஒன்றுக்கொன்று உறவில்லாத வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பார்த்தது வைரசின் புரதத்தையா, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியையா? பி வகையின் மேற்பரப்புப் புரதம் இருந்தால் தொற்று உள்ளது. அதற்கு எதிரான பிறபொருளெதிரி மட்டும் இருந்தால், தடுப்பூசியாலோ பழைய தொற்று நீங்கியதாலோ பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. சி வகையின் பிறபொருளெதிரியோ தொற்று நீங்கிய பின்னரும் நிலைத்திருக்கும், வைரசின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.யைப் பார்த்த பின்னரே முடிவு சொல்லலாம். றிப்போட்டின் ஒரு வரியைக்கூட எழுதாமல் பதில் கேட்பது முறையல்ல. முழுவதையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி (மூதூர்): அண்ணனுக்கு பி வகை நீடித்த தொற்று உள்ளது. கீழ்க்காய்நெல்லி அதனைப் போக்கும் என்று வெளிநாட்டு மருத்துவ இதழிலேயே ஆய்வு வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதனைக் குடிக்கலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதனை முதலிற் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அப்படியோர் ஆய்வு வந்தது உண்மை. 1988ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதனை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பேர்க்கும் அவர்களுடன் பெயர் சேர்த்திருந்தார். முப்பது நாட்கள் மூலிகைத் தூளை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்றுத் தூளைப் பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. இன்றைய சிறந்த மாத்திரைகள்கூடப் பல வருடங்கள் உட்கொண்டாலும் அந்தப் புரதத்தை மிகச் சிலரிடமே மறையச் செய்கின்றன. ஆகவே ஒரு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறைந்தது என்றால், அதனை வேறு இடங்களில், வேறு ஆட்களிடம் மீண்டும் செய்து காட்டியாக வேண்டும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள்; அந்தப் பலன் கிடைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு 2011இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோதும், வெற்று மருந்தை விட இது மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே கண்டது.

முப்பது வருடங்களுக்கு மேலாகியும் முதல் ஆய்வு மட்டும் வாய்க்கு வாய் உலாவுகிறது. பின்வந்தவற்றை எவரும் சொல்வதில்லை. இது எனக்குத் தீராத மனக்குறை. மூலிகையின்மேல் எனக்குப் பகை கிடையாது. நமது ஊரில் அதற்குப் பெயர் கிடைத்த வழியைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். ஏ வகைச் செங்கமாரி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தெளியும். வளர்ந்தவர்களுக்குப் புதிதாக வரும் பி வகைகூட நூற்றுக்கு 95 பேரில் தானாக நீங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் பெருமை அதற்கே போகும். ஆனால் உங்கள் அண்ணனுக்கு உள்ளது நீடித்த தொற்று. கண் மஞ்சளாகாமலும் வயிறு நோகாமலும் அது ஈரலைச் சுருங்க வைக்கக்கூடியது. இங்கும் வலி இல்லாமை நல்ல அறிகுறி அன்று. சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தி, சில மாதங்களில் வைரசு பெருகி, ஈரல் செயலிழந்த நிலையில் வார்ட்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையை மாற்றுவதாயினும் நிறுத்துவதாயினும் வைரசின் அளவையும் ஈரல் நொதியத்தையும் பார்த்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி (கிண்ணியா): நானும் மனைவியும் நீரிழிவுள்ளவர்கள். சீனி பார்க்கும் கருவியும் விரலைக் குத்தும் பேனாவும் ஒன்றுதான். ஊசியை மட்டும் மாற்றுகிறோம். போதுமா?

பதில்: போதாது. பி வைரசு உலர்ந்த குருதியில் உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது தொற்றும் திறனுடன் இருக்கும். பேனாவின் முனையில் படியும் குருதி கண்ணுக்குத் தெரியாத அளவாயினும் போதும். அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் இவ்வாறு பகிர்ந்த கருவிகளால் பி வகைத் தொற்று பரவியதன் பின்னரே, 2011இல் அங்கே 60 வயதுக்குட்பட்ட நீரிழிவாளர்களுக்குத் தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்டது. ஆளுக்கொரு பேனா வாங்குங்கள். இருவரும் பி வகைக்குச் சோதித்து, பாதுகாப்பு இல்லையெனில் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): ஈ வகை கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ஆபத்தா?

பதில்: ஆம், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், தெற்காசியாவில் காணப்படும் மரபணு வகை 1 உயிராபத்தை விளைவிக்கலாம். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கண் மஞ்சளானால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி (உப்புவெளி): நீரிழிவுள்ள எனது தந்தைக்கு சி வகை, மரபணு வகை 3 என்று வந்துள்ளது. அந்த வகைக்கு மருந்து வேலை செய்யாதாமே?

பதில்: அது பழைய பேச்சு. இப்போதுள்ள மாத்திரைகள் எல்லா மரபணு வகைகளுக்கும் பொதுவானவை. பெரும்பாலும் 12 வாரங்களில் நூற்றுக்கு 95 பேர் அளவில் வைரசு முற்றாக நீங்குகிறது. ஈரல் சுருங்கியிருந்தால் மட்டும் வகை 3 சற்றுக் கடினமானது. தொடங்குவதற்கு முன் பி வகைக்கும் சோதித்துக்கொள்ளுங்கள். சி அடங்கும்போது உறங்கிக் கிடந்த பி எழக்கூடும். வைரசு நீங்கத் தொடங்கியதும் குருதிச் சீனி தானாக இறங்குவதும் உண்டு. ஆகவே தந்தை இன்சுலின் ஏற்றுபவராயின் முதல் மூன்று மாதங்களுக்கு அடிக்கடி சீனியை அளந்து, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.