ஸ்மார்ட் போர்டு வந்து ஓராண்டு ஆகியும் ஆசிரியர்கள் தொடுவதில்லை, எப்படிப் பழக்குவது?

கேட்டவர் ஒரு தலைமையாசிரியர் என்று தெரிகிறது. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, எல்லோரும் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்துவிட்டார்கள், ஆனாலும் போர்டு துணி போர்த்தியபடியே இருக்கிறது, என்ன செய்யலாம் என்கிறார். நான் காரைக்குடி வட்டாரத்தில் இருபது ஆண்டுக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன். நடுநடுவே கருத்தாளராகப் போய்ச் சக ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் வீண். அந்த வீணிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நடத்திய முதல் பயிற்சியில் நாற்பது பேர், பத்துக் கணினி. அதிலும் இரண்டு ஓடவில்லை. காலையில் கணினியின் பாகங்கள், மதியத்துக்கு மேல் பவர்பாயிண்ட். எழுத்து இடப்பக்கத்திலிருந்து பறந்து வருவதையும் சுற்றிச் சுற்றி இறங்குவதையும் காட்டினேன். அரங்கமே ரசித்தது. சாயங்காலம் டீ, வடை. கருத்துப் படிவத்தில் எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து அவர்களில் ஒருவரைத் தேவகோட்டை பஸ்ஸில் பார்த்தேன். “சார், அந்த எழுத்து பறந்து வருமே, அதுக்கு எங்க அழுத்தணும்?” என்று ஆர்வமாகக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தப் பாடத்துக்கு என்று கேட்டேன். “பாடத்துக்கு இல்ல சார், எங்க எச்.எம். ரிட்டையர் ஆகுறார், போட்டோவெல்லாம் போட்டு ஒண்ணு தயார் பண்ணணும்” என்றார்.

சரி, அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் சொல்லிக் கொடுத்தது விழாவுக்குத்தான் உதவும். பாடம் எங்கேயும் அதில் இல்லை.

இன்னொரு பயிற்சியில் ஓய்வுக்கு நாலு ஆண்டு இருந்த ஒரு டீச்சர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மவுஸைத் தொடவே இல்லை. இடைவேளையில் பக்கத்தில் போய், “புரியலையா டீச்சர்?” என்றேன். “புரியாம என்ன தம்பி, இது என்ன பெரிய வித்தையா? அம்பது புள்ளைக முன்னாடி இது பொசுக்குனு நின்னு போச்சுன்னா நான் என்ன செய்யிறது? கரும்பலகை என்னைக்காவது நின்னிருக்கா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விதான் என் பயிற்சியையே மாற்றியது. ஆசிரியர்களுக்கு மிஷினைக் கண்டு பயம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அவர்களே வாட்ஸப்பில் பேத்தியின் வீடியோவை வெட்டி ஒட்டிப் போடுகிறார்கள், ஜிபேயில் பால்காரருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்கள் பயப்படுவது வகுப்பு கையை விட்டுப் போய்விடுமோ என்றுதான். நாற்பது நிமிட பீரியடில் பத்து நிமிடம் கேபிளோடு மல்லுக்கட்டினால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? முப்பது ஆண்டு சேர்த்து வைத்த மரியாதை பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். பயிற்சி அரங்கிலோ எல்லாமே ஒழுங்காக ஓடும். ஏதாவது நின்றால் நாங்கள் ஓடிப்போய்ச் சரிசெய்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் ஓடி வர யார் இருக்கிறார்கள்?

அதனால் அப்புறம் நடத்திய பயிற்சிகளில் முதல் ஒரு மணி நேரம் கெடுப்பதுதான் வேலை. கேபிளைப் பிடுங்கிவிடுவேன், சத்தத்தை அணைத்து வைப்பேன், ப்ரொஜெக்டரை வேறு இன்புட்டுக்கு மாற்றிவிடுவேன். ஆசிரியர்களே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். திரையில் படம் வராத தொல்லை பெரும்பாலும் இரண்டு காரணத்தில் அடங்கிவிடும். ஒன்று, இன்புட் மாறியிருக்கும். இல்லையென்றால் விண்டோஸ் பட்டனையும் ‘பி’யையும் சேர்த்து அழுத்தி, கணினியில் தெரிவதே திரையிலும் தெரியும்படி ‘டூப்ளிகேட்’ என்று மாற்றவேண்டியிருக்கும். எச்.டி.எம்.ஐ. கேபிள் மாட்டியதும் சத்தம் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ப்ரொஜெக்டர் வழியாகப் போய்விடும், அதைத் திருப்பத் தெரிய வேண்டும். போர்டில் ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடத்தில் கோடு விழுந்தால் ‘கேலிபரேட்’ செய்ய வேண்டும், அதாவது தொடும் இடமும் கோடு விழும் இடமும் ஒன்றாகும்படி போர்டைச் சரிசெய்ய வேண்டும். கரண்ட் போனால்? அதற்குத்தான் சாக்பீஸ். கரண்ட் போனாலும் பாடம் நிற்காதபடி எழுதி வைத்த ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துவேன். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஆசிரியர்கள் முகத்தில் தெரியும் தெளிவை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

எங்கள் செட்டிநாட்டில் வேலை பழக்க ஒரு பழைய முறை உண்டு. நகரத்தார் என்கிற செட்டியார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், சின்ன வயதுப் பையனை முதலில் பெட்டியடிப் பையனாக அனுப்புவார்கள். கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்துகொண்டே, பெரியவர்கள் வட்டி போடுவதையும் பேரேடு எழுதுவதையும் ஆளைப் பார்த்துக் கடன் கொடுப்பதையும் கவனிப்பான். 320-இல் ஒரு பங்கான ‘முந்திரி’ என்ற பின்னம் வரைக்கும் மனக்கணக்காகப் போடப் பழகுவான். அப்புறம் பெரியவருக்குத் துணையாக நிற்கும் அடுத்தாள், அதற்கும் அப்புறம் கடையையே நடத்தும் மேலாள். உண்மையான கணக்கு, உண்மையான பணம், பக்கத்தில் ஒரு மூத்தவர். வட்டிக்கடையைப் பற்றி உங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் இருக்கட்டும், ரங்கூனில் கடை நடத்த யாரும் இரண்டு நாள் வகுப்பு எடுத்து அனுப்பவில்லை.

ஆசிரியர் பயிற்சியிலும் இதே விஷயத்தை ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களில் எழுதினார்கள். விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, செய்யவும் வைத்த பிறகும், கற்றது வகுப்பறை வரை போய்ச் சேர வேண்டுமானால் அவரவர் பள்ளியில் கூட நின்று துணைசெய்ய ஓர் ஆள் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. படித்தபோது எனக்குப் பெட்டியடிதான் நினைவுக்கு வந்தது.

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இதைச் செய்து பார்த்தோம். ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு நான் அடுத்தாள். பாடம் சமச்சீர்த் தன்மை. என்ன மென்பொருள் என்று நாங்கள் முதலில் பேசவே இல்லை. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறும் என்று கேட்டேன். “மடிச்சாப் பொருந்துறது புரிஞ்சுடும் சார், சுத்தினாப் பொருந்துறதுதான் ஏறவே ஏறாது” என்றார். தாளை மடிக்கலாம், கரும்பலகையில் வரைந்த படத்தைச் சுற்றவா முடியும்? அந்த இடத்துக்குத்தான் கணினி.

படத்துக்கு எங்கேயும் அலையவில்லை. பிள்ளைகள் தினமும் மிதித்துக்கொண்டு போகிற, தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் இருக்கிறதே! நாலைந்து வீட்டுத் தரையைச் செல்போனில் நேர் மேலிருந்து படம் எடுத்தோம். ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் படத்தைப் போட்டு, நடுப்புள்ளியை வைத்து 90 பாகை சுற்றினோம். அதற்கு முன்னால் டீச்சர் ஒரு காரியம் செய்தார், எனக்கு அது தோன்றியிருக்காது. எந்தக் கல் பொருந்தும், எது பொருந்தாது என்று பிள்ளைகளை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டார். பந்தயம் கட்டியது மாதிரி ஆகிவிட்டது. ஒரு கல்லை எல்லோருமே பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். சுற்றிப் பார்த்தால் ஒரு இதழ் லேசாக விலகி நிற்கிறது. வகுப்பில் ஒரே கூச்சல்.

“அது கையால ஊத்துறது சார், அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா கல் போடுகிறவர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் வண்ணக் கலவை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமென்டும் மணலும் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைப்பதுவரை மடமடவென்று சொன்னான். சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது என்றான். அன்றைக்குக் கணினி ஓடியது மொத்தமே ஏழெட்டு நிமிடம். அதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

சமூக அறிவியல் சார் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, கானாடுகாத்தானைக் கூகுள் எர்த்தில் மேலிருந்து காட்டினார். தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கிற வீடுகள், நடுவில் வளவு என்கிற முற்றங்களின் திறந்த சதுரங்கள், பக்கத்தில் ஊரணி. கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டே ஒரு பீரியட் ஓட்டிவிட்டார். அவருக்கு நான் தேவைப்படவில்லை, கணக்கு டீச்சரே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

பாடம் நடத்தத் தெரிவது வேறு, பாடப்பொருள் தெரிவது வேறு, இரண்டும் கலந்த ஓர் அறிவு ஆசிரியருக்கே உரியது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-இல் சொன்னதை பி.எட். படித்தவர்கள் பரீட்சைக்காகவாவது படித்திருப்பீர்கள். 2006-இல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்க வேண்டும். நம் பயிற்சிகளில் மூன்றாவது மட்டும் தனியாக, துணி போர்த்திக் கிடக்கிறது.

இன்னொன்று. போர்டுக்கு முன்னால் தமிழ் டைப்பிங். சிரிக்காதீர்கள், எங்கள் ஊர்களில் ஆசிரியர்களை உள்ளே இழுத்தது இதுதான். வினாத்தாள் அடிக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. கடையில் காத்திருந்து காசும் கொடுத்து, ஒற்றுப்பிழையோடு வாங்கி வருவார்கள். பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டிக் கிடக்கும். எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாத யூனிகோடு என்றால் என்ன என்று பத்து நிமிடம், தமிழ்99 விசைப்பலகை ஒரு வாரப் பழக்கம், அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்குப் போனில் பேசினால் எழுத்தாக விழும் வசதி. தன் வினாத்தாளைத் தானே அடித்துக்கொண்டவருக்கு அடுத்ததைக் கற்க யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. 2020-இல் பள்ளிகள் மூடியபோதும் இதைத்தான் பார்த்தேன். எந்தப் பயிற்சிக்கும் வராதவர்கள்கூட வாட்ஸப்பில் குரல்பதிவாகப் பாடம் அனுப்பினார்கள், கேட்க ஆள் இருந்தது, அனுப்ப வேண்டியிருந்தது.

உங்கள் பள்ளிக்கு வருகிறேன். போர்டு தனி அறையில் பூட்டி இருக்கிறதா, வகுப்பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பூட்டி இருந்தால் முதலில் சாவியை உங்கள் மேஜையிலிருந்து எடுத்து, ஆசிரியர் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். பயிற்சியில் ஓரளவு தேறிய ஒருவரைப் பிடித்து, வாரத்தில் இரண்டு பீரியட் அவருக்கு ஓய்வு கொடுத்து, இன்னொருவர் வகுப்பில் அடுத்தாளாக நிற்கச் சொல்லுங்கள். மாற்று வகுப்புக்கு ஆள் இல்லையென்றால் நீங்களே போங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு ஆசிரியர், ஒரே ஒரு பாடம் போதும். 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் இருக்கும் கியூ.ஆர். கோடு வீடியோக்களை முந்தின ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வகுப்பு நேரத்தில் நெட்டை நம்ப வேண்டாம். கேபிள் மாட்டுவதையும் அணைப்பதையும் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள், எங்கள் வகுப்பில் பெரும்பாலும் சேட்டைக்காரர்கள்தான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார்கள்.

தயவுசெய்து, ‘போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் போட்டோவுக்காகப் போர்டைப் போடுவார்கள், எடுத்ததும் அணைத்துவிடுவார்கள். நானே அப்படிப் போஸ் கொடுத்திருக்கிறேன்.

கடைசி வரிசை டீச்சரைக் கேட்பீர்கள். ஓய்வு பெறும்வரை அவர் போர்டைத் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் பிள்ளைகள் வாசிப்பதைத் தன் போனில் பதிவு செய்து, அவர்களுக்கே போட்டுக் காட்டித் திருத்த ஆரம்பித்தார். ழகரம் வராத பிள்ளைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. அதை அவருக்கு நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேரன் மழலை பேசுவதைப் பதிவு பண்ணும்போது தோன்றியதாம்.