விடையில் தொலைந்த 1.22 விநாடி

கேள்வி: ஐயா, நான் பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கிறேன். எஸ்டிபிஎம் தேர்வின் முதல் தவணை இயற்பியலில் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் விளிம்பிலிருந்து ஒரு பந்தை, கிடைமட்டத்துக்கு 30 பாகை மேல்நோக்கி, விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் எறிகிறார்கள். கட்டடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்? எனக்கு நேரம் 1.24 விநாடி, தூரம் 12.9 மீட்டர் வந்தது. சரியான விடை 25.6 மீட்டராம். இன்னொன்று: சாய்தளத்தில் நார்மல் விசை ஏன் எடைக்குச் சமமாக இருப்பதில்லை?

பதில்: தம்பி, அந்த 1.24 தற்செயலாக வந்த எண் இல்லை. அதை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் சிக்கல் பிடிபட்டுவிடும்.

முதலில், பந்தை எறியாமல் அதே விளிம்பிலிருந்து நழுவ விட்டதாக வையுங்கள். 15ஐ இரட்டித்து, ஈர்ப்பு முடுக்கமான 9.81ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 1.75 விநாடி. சும்மா விட்ட பந்துக்கே 1.75 ஆகிறது. மேல்நோக்கி எறிந்த பந்து அதற்கு முன்பே தரையைத் தொடுமா? விடைத்தாள் கையில் இல்லாமலே, தேர்வு அறையில் உட்கார்ந்தபடியே, இந்த ஒரு கேள்வியில் தவறு தெரிந்திருக்கும்.

இனி, சூத்திரத்தை மறந்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். கையை விட்டுப் பிரிந்த பந்தின் மேல் என்னென்ன விசைகள்? பல பிள்ளைகள் பாதை நெடுக ‘எறிந்த விசை’ என்று ஓர் அம்பு போடுவார்கள். கை தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் கையின் விசை. பிரிந்த பின் மிஞ்சுவது எடை ஒன்றே, அதுவும் நேர் கீழே. உச்சியிலும் அப்படியே: அங்கே செங்குத்து வேகம் சுழியம், முடுக்கமோ 9.81தான். இந்த ஒற்றை அம்பைச் சரியாகப் போட்டவருக்குக் கணக்கு தானாகவே இரண்டாகப் பிரியும். பக்கவாட்டில் விசை இல்லை, ஆகவே 12ஐ கோசைன் 30ஆல் பெருக்கி வரும் 10.39 கடைசி வரை மாறாது. செங்குத்துத் திசையில் மட்டும் ஈர்ப்பு வேலை செய்கிறது. அங்கே தொடக்க வேகம் 12 பெருக்கல் சைன் 30, அதாவது 6. இந்த இரண்டு கணக்குக்கும் பொதுவானது நேரம் ஒன்றுதான்.

நீங்கள் சறுக்கிய இடம் குறி. நீங்கள் போட்ட சமன்பாடு அநேகமாக இப்படி இருந்திருக்கும்: 15 = 6 × நேரம் + 4.905 × நேரத்தின் வர்க்கம். (4.905 என்பது 9.81இல் பாதி.) எல்லாமே நேர்க்குறி. அது பந்தைக் கீழ்நோக்கி 30 பாகையில் எறிந்த கணக்கு! மேல்திசை நேர்க்குறி என்று முடிவு செய்தால் 6 நேர், 9.81 எதிர், தரை இருக்கும் இடம் −15. அதாவது −15 = 6 × நேரம் − 4.905 × நேரத்தின் வர்க்கம். தீர்த்தால் இரண்டு விடைகள்: 2.46, −1.24. எதிர்க்குறியோடு வந்து நிற்பது உங்கள் எண்தான்.

இதைப் படமாகவும் பார்க்கலாம். மேலே போன பந்து, எறிந்த மட்டத்துக்கே திரும்ப 1.22 விநாடி ஆகும். அப்போது அதன் வேகம் அதே 6, திசை மட்டும் கீழே. அங்கிருந்து தரைக்கு 1.24. நீங்கள் போட்டது இந்தப் பின்பாதியை மட்டும். இரண்டையும் கூட்டினால் 2.46, அதை 10.39ஆல் பெருக்கினால் 25.6 மீட்டர்.

குறி தொலைவதற்கு நம் பேச்சும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மலாய்ப் பாடநூலில் லாஜு வேறு, ஹலாஜு வேறு. திசையும் சேர்ந்ததுதான் ஹலாஜு. நாமோ வீட்டில் இரண்டையும் ‘வேகம்’ என்றே சொல்லிவிடுகிறோம். தாளில் எழுதும்போதாவது திசைவேகம் என்று எழுதிப் பழகுங்கள், பக்கத்தில் ஓர் அம்போடு.

இதெல்லாம் காற்றைக் கணக்கில் எடுக்காதவரைதான். 2016இல் பினாங்கு நகர அரங்கில் பகாங்குக்கு எதிராக கால்பந்து வீரர் ஃபைஸ் சுப்ரி அடித்து, ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது வாங்கிய அந்த ஃப்ரீ கிக் இந்தச் சமன்பாட்டுக்குள் அடங்காது. அந்தப் பந்தை வளைத்தது காற்று.

இரண்டாவது கேள்விக்குக் பினாங்குக் கொடிமலையில் கம்பிவடம் இழுக்கும் ரயிலில் ஏறுங்கள். நார்மல் விசை என்பது தளம் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை; எவ்வளவு தள்ள வேண்டுமோ அவ்வளவுதான் தள்ளும். அந்தப் பாதையின் மிகச் சரிவான இடம் ஏறத்தாழ 28 பாகை. அங்கே தண்டவாளம் பெட்டியின் எடையில் 88 விழுக்காட்டைத்தான் தாங்குகிறது. அது கோசைன் 28. சரிவு வழியே கீழே இழுக்கும் பங்கு சைன் 28, அதாவது 47 விழுக்காடு. உராய்வை விட்டுவிட்டால் அதைப் பிடித்திருப்பது கம்பிவடம். ஆனால் உள்ளே நீங்கள் நிற்பது படிபோல் சமமாக அமைத்த தளத்தில். ரயில் சீரான வேகத்தில் ஏறும்போது உங்கள் பாதத்தின் கீழே நார்மல் விசை முழு எடைக்குச் சமம். சரிவு ஒன்றுதான், தொடும் தளம் வேறு. புறப்படும்போது மட்டும், முடுக்கத்தில் மேல்நோக்கிய பங்கும் இருப்பதால், தளம் எடையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தள்ளும்.