மர நிழலில் கோரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டொராண்டோவில் எங்கள் வீட்டு மேப்பிள் மரத்தடியில் புல் பிடிப்பதே இல்லை. கோரை நடலாம் என்கிறார்கள். ஊரில் வயற்கோரையோடு மல்லுக்கட்டியவர்கள் என்பதால் அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் நியாயமானதுதான், ஆனால் அது வேறொரு செடியைப் பற்றியது. நம் வயல்களில் தொல்லை தருவது சைபிரஸ் ரொட்டண்டஸ். மண்ணுக்குள் கிழங்குகளைக் கோத்துக்கொண்டே போவதால் மேலே எத்தனை முறை பிடுங்கினாலும் கீழிருந்து முளைக்கும். காட்டு நிழலுக்குரிய கோரைகள் கேரெக்ஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பூந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். ஆயினும் கேரெக்ஸில் அந்தக் கிழங்குத் தொல்லை இல்லை.

உங்கள் மரத்தடிக்கு கேரெக்ஸ் பென்சில்வானிகாவைப் பரிந்துரைப்பேன். கிழக்கு வட அமெரிக்காவின் ஓக் காடுகளில் இயல்பாக வளரும் இது 15 முதல் 30 செ.மீ. உயரமே இருக்கும், வறண்ட நிழலைத் தாங்கும், மண்ணுக்கடியில் ஓடும் வேர்த்தண்டுகளால் மெல்லப் பரவும். மேப்பிளின் வேர்கள் மேல்மண்ணிலேயே அடர்ந்து கிடந்து ஈரத்தை முந்திக் குடித்துவிடுவதால், பெரிய தொட்டிச் செடிகளுக்காக வேர்களை வெட்டிக் குழி தோண்டாமல், சிறு நாற்றுகளை 20 முதல் 30 செ.மீ. இடைவெளியில் வேர்களின் இடுக்குகளில் நட்டு, முதற்கோடை முழுவதும் மண் காயாமல் நீர் ஊற்றுங்கள். தரை மூட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். உரம் தேவையில்லை.

கேள்வி: இதே செடியின் விதைகளைச் சென்ற மே மாதம் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: குளிரில் ஈரமாகக் கிடந்து உறக்கம் கலைய வேண்டிய விதைகளை நீங்கள் வெயிற்காலத்தின் வாசலில் தூவியிருக்கிறீர்கள். இலையுதிர் காலத்தில் விதைத்திருந்தாலும் இந்த இனத்தில் முளைப்பு குறைவாகவே இருந்திருக்கும். காட்டில் இதன் விதைகளை எறும்புகள், அவற்றில் ஒட்டியுள்ள கொழுப்புச் சதைக்காகவே சுமந்து செல்கின்றன. நம் தோட்டத்துக்குத் தூர் பிரித்து நடுவதே உறுதியான வழி. வசந்தத்தின் தொடக்கத்தில், ஒவ்வொரு துண்டிலும் வேரும் சில தளிர்களும் இருக்குமாறு பிரியுங்கள்.

கேள்வி: நான் நட்ட கேரெக்ஸ் பென்சில்வானிகா பனிக்காலத்தில் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

பதில்: இல்லை. புதுத் தளிர் கிளம்புமுன் பழைய இலைகளை வெட்டிவிடுங்கள். ஆனால், அகன்ற சுருக்க இலைகளைக் கொண்ட கேரெக்ஸ் பிளான்டஜீனியா குளிரிலும் பச்சையாகவே நிற்கும். அதில் கருகிய இலைகளை மட்டும் நீக்கினால் போதும். அதற்கு ஈரமான, மக்கிய இலைதழை நிறைந்த மண் வேண்டும் என்பதால் மேப்பிளடியில் வைத்து வதைக்காதீர்கள்.

கேள்வி: புல்தரைக்குப் பதிலாகக் கோரையை வளர்த்து, இயந்திரத்தால் வெட்டலாமா?

பதில்: வெட்டலாம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலுள்ள மவுண்ட் கியூபா மையம் என்ற தாவரத் தோட்டம் பல கேரெக்ஸ் வகைகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வெட்டுதலையும் தாங்கி முன்னணியில் நின்றது கேரெக்ஸ் வூடிஐ (Carex woodii) என்ற வகை. எனினும் வாராவாரம் வெட்டுவதற்குப் பெரும்பாலான கேரெக்ஸ் வகைகள் ஏற்றவை அல்ல. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, கத்தியை உயர்த்தி வைத்து வெட்டுங்கள். பிள்ளைகள் பந்து விளையாடும் இடமாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: மான்கள் தின்றுவிடுமா?

பதில்: பொதுவாக அவை கேரெக்ஸை அதிகம் நாடுவதில்லை. அதைவிட, இலையுதிர் காலத்தில் ஓக் இலைகள் ஈரப்பாயாகப் படிந்து இளஞ்செடிகளை மூச்சுமுட்ட வைப்பதே எனக்குக் கவலை. இலைகளை நறுக்கிச் செடிகளுக்கு இடையில் மெலிதாகப் பரப்பிவிடுங்கள்.