ஜஸ்பால் பட்டியின் அசையாத முகம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா மின்வாரிய அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தி ஒரு வரி தெரியாது. ஆனால் தூர்தர்ஷனில் வந்த ஜஸ்பால் பட்டியின் நகைச்சுவைத் தொடர் ‘ஃப்ளாப் ஷோ’ என்று பேச்செடுத்தால் போதும், இன்றும் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். சென்ற வாரம் யூடியூபில் இரண்டு பகுதிகள் பார்த்தேன். மெதுவாகப் போகிறது, செலவே செய்யாமல் எடுத்த மாதிரி இருக்கிறது, அந்த மனிதர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. அன்றைக்கு வேறு சேனல் இல்லாததால்தான் கொண்டாடினார்களோ? அவ்வளவு திறமைசாலி என்றால் சினிமாவில் ஏன் பெரிய ஆளாக வரவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேறு சேனல் இல்லை என்பது நிஜம்தான். 1989இல் தூர்தர்ஷன் எதைப் போட்டாலும் பார்த்தோம். வயலே இல்லாத நாங்கள் ‘வயலும் வாழ்வும்’ கூடப் பார்த்தோம். ஆனால் அப்படிப் பார்த்ததில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. மொத்தமே பத்துப் பகுதிகள் வந்த ஒரு இந்தித் தொடர், இந்தி தெரியாத உங்கள் அப்பாவுக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குச் சேனல் பஞ்சம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பட்டி 1955இல் அமிர்தசரஸில் பிறந்தவர். சண்டிகரில் மின்பொறியியல் படித்தார். கல்லூரி நாட்களிலேயே ‘நான்சென்ஸ் கிளப்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு நண்பர்களோடு தெருவில் நாடகம் போட்டவர். அப்புறம் ‘ட்ரிப்யூன்’ நாளிதழில் கார்ட்டூன் வரைந்தார். இந்தக் கார்ட்டூன் விஷயம் முக்கியம். தூர்தர்ஷனில் அவர் அதற்கு முன் செய்த ‘உல்டா புல்டா’ சில நிமிடத் துணுக்குதான். பேப்பரின் மூலையில் வரும் கார்ட்டூனுக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி இருக்கும். அதை நீட்டியபோது ‘ஃப்ளாப் ஷோ’ கிடைத்தது. எழுத்தும் இயக்கமும் முதன்மை வேடமும் அவருடையவை. தயாரித்தது மனைவி சவிதா பட்டி. திரையிலும் மனைவியாக வருவது அவரேதான்.

அதற்கு முந்தைய வருடம் ‘வாக்ளே கி துனியா’ வந்தது. ஆர்.கே. லக்ஷ்மண் உருவாக்கிய பாத்திரம், குந்தன் ஷா இயக்கம். நல்ல தொடர். அதில் வாக்ளே நல்லவர், பாவம், ஊர் அவரைப் படுத்துகிறது. நாமும் அவரோடு சேர்ந்து உச்சுக்கொட்டலாம். பட்டி அந்த வசதியை நமக்குத் தரவில்லை. அவரே படுத்துகிறவராக வந்து உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் பார்த்த இரண்டில் பிஎச்டி பகுதி இருந்ததா தெரியவில்லை. அதில் அவர் பேராசிரியர். ஆய்வு மாணவன் ஒருவன் அவரிடம் வந்து மாட்டுகிறான். ஆய்வைத் தவிர மற்ற எல்லாம் நடக்கிறது. வீட்டு வேலை மொத்தமும் அவன் தலையில். என் நண்பன் ஒருவன் ஆய்வு மாணவனாக இருந்தபோது, வழிகாட்டியின் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வரும் நாளில் நூலகத்துக்கு வரமாட்டான். சிலிண்டரை உள்ளே உருட்டிவைக்க ஆள் வேண்டுமே. “இன்னிக்கு ஃபீல்டு வொர்க்டா” என்பான். பட்டியின் பேராசிரியர் அந்த மாணவனை அதட்டுவதில்லை. பிரியமாகத்தான் பேசுகிறார். வேலை வாங்குவது தப்பு என்ற நினைப்பே அவரிடம் இல்லை. முகத்தில் அசைவு இல்லை என்கிறீர்களே, அது அதனால்தான். மேஜைக்கு அடியில் கவர் வாங்குகிறவர் திருட்டு முழி முழிப்பது சினிமாவில். நிஜத்தில் அவர் டீ குடித்துக்கொண்டே வாங்குவார். அந்த டீ குடிக்கிற முகத்தைத்தான் பட்டி பத்துப் பகுதிகளிலும் வைத்திருந்தார். கடைசியில் சினிமாப் பாட்டு மெட்டில் ஒரு கேலிப்பாட்டு. அது மட்டும் இன்று கொஞ்சம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

சினிமா பற்றிக் கேட்டீர்கள். மற்றவர்கள் அவரை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ‘ஃபனா’ என்ற இந்திப் படத்தில் (2006) அவர் பெயர் ஜாலி குட் சிங். பட்டி சீக்கியர். பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும், தலைப்பாகைதான் அங்கே நகைச்சுவை. சர்தார்ஜி ஜோக்குகள் நாடு முழுக்கக் கொடிகட்டிப் பறந்த காலத்தில், தன் தொடரில் தலைப்பாகையை நம்பிச் சிரிப்பு வாங்காதவர் அவர். அவர் காட்டிய பேராசிரியரும் அதிகாரியும் எந்த மாநிலத்திலும் இருக்கிறவர்கள். இந்தி தெரியாத உங்கள் அப்பா சிரித்ததற்கு நான் கண்ட காரணம் இதுதான். அவர் இயக்கிய படங்கள் பஞ்சாபியில். 1999இல் வந்த ‘மாஹௌல் டீக் ஹை’ போலீஸைக் கிண்டலடித்தது. பம்பாயில் காத்துக்கிடக்காமல் சண்டிகரிலேயே இருந்துவிட்டதைத் தோல்வி என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. விலைவாசி ஏறியபோது அங்கே செக்டர் 17 கடைவீதியில் காய்கறி, பருப்பு, எண்ணெயைப் பரப்பிவைத்து வளையம் எறியச் சொன்னார். விழுந்தால் உங்களுக்கு. நம் திருவிழாக் கடைகளில் சோப்பு டப்பாவுக்கு எறிவோமே, அதேதான்.

2012 அக்டோபர் 25 அன்று ஜலந்தர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தார். மறுநாள் அவருடைய படம் வெளியாக இருந்தது. மின்பொறியாளர் எடுத்த அந்தப் படத்தின் பெயர் ‘பவர் கட்’. அடுத்த வருடம் பத்மபூஷண் வந்தது.

பிஎச்டி பகுதியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம். முடிந்ததும் அவர் மின்வாரிய ஆபீஸ் கதை ஏதாவது சொல்வார். அதை எனக்கு எழுதுங்கள்.