கப்பல் அறையில் ஸ்பைக் பஸ்டர் ஏன் கூடாது?

கேள்வி: எனக்கு 58 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். பிரான்சில் வேலை பார்க்கும் மூத்த மகன், மே மாதம் மார்சேயில் கப்பல் ஏறி ஏழு இரவு இத்தாலி, ஸ்பெயின் சுற்றிவர எங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். நான் நாலைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போக முடியாது. என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். சிபாப் மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுப்பார். இரண்டு போன், ஒரு டேப், கேமரா வேறு. ஃபெஞ்சல் புயலின்போது கரண்ட் வந்து வந்து போனதில் எங்கள் ஃபிரிட்ஜ் வீணாகிவிட்டது. அன்றிலிருந்து ஸ்பைக் பஸ்டர் இல்லாமல் நான் எதையும் சொருகுவதில்லை. கப்பலுக்கும் அதையே எடுத்து வைத்தேன். மகனோ, 'கொண்டு வராதே அம்மா, பிடுங்கிக்கொள்வார்கள்' என்கிறான். பாதுகாப்புக்கென்று விற்கும் பொருளை ஏன் தடுக்கிறார்கள்? துணிக்குள் சுருட்டி வைத்தால் தெரியுமா? அது இல்லாமல் இத்தனையையும் எப்படி சார்ஜ் போடுவது?

பதில்: சகோதரி, அந்த ஸ்பைக் பஸ்டரை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். துணிக்குள் சுருட்டினாலும் பலனில்லை. விமான நிலையம் போலவே கப்பலிலும் பெட்டிகள் எக்ஸ்ரே வழியாகத்தான் ஏறும். எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். ஆனால் பிடிபடுவீர்கள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் நீங்களே எடுத்துப் போக மாட்டீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்ததும் அந்த 'ஏன்'தான்.

நான் கப்பல்களில் எலெக்ட்ரிக்கல் ஆபீசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் கடலூர் முதுநகர். கப்பல் கரண்டும் வீட்டுக் கரண்டும் ஒன்றல்ல என்பதை நானே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நம் வீட்டில் எர்த் எப்படிப் போடுகிறோம்? கொல்லையில் குழி வெட்டி, பைப் இறக்கி, உப்பும் கரியும் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றுகிறோம். நியூட்ரல் வயரும் மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில் பூமியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் நம் வீட்டுப் பிளக்கில் டெஸ்டரை வைத்தால் ஒரு துளையில்தான் விளக்கு எரியும். மற்றது நியூட்ரல்.

பல கப்பல்களில் மின்சாரத்தை இப்படிக் கப்பலின் உடம்போடு கட்டுவதே இல்லை. ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர்கள் எதுவும் இரும்பைத் தொடாமல் தனித்தே ஓடும். டெஸ்டரை வைத்தால் இரண்டு துளையிலும் மங்கலாக எரியும். அங்கே நியூட்ரல் என்று ஒன்று கிடையாது, இரண்டுமே உயிருள்ள வயர்தான். இதை வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு வயர் தேய்ந்து எர்த்தைத் தொட்டால் ஃபியூஸ் போகும்; ஃபேன் நின்றால் விசிறிக்கொள்ளலாம். நடுக்கடலில் சுக்கானைத் திருப்பும் மோட்டாரில் அதே பழுது வந்து பிரேக்கர் விழுந்தால் என்ன ஆகும்? அதனால்தான் ஒரு வயர் எங்கோ இரும்பைத் தொட்டாலும் மோட்டார்கள் நிற்காமல் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். மெயின் சுவிட்ச்போர்டில் மூன்று எர்த் விளக்குகள் இருக்கும். ஒன்று மங்கி மற்ற இரண்டும் பிரகாசமானால் எங்கோ கசிவு என்று அர்த்தம். உடனே நாங்கள் டார்ச்சும் மீட்டருமாகக் கிளம்பி ஒவ்வொரு லைனாகத் தேடுவோம். கண்டுபிடிக்கச் சில நேரம் அரை நாள்கூட ஆகும்.

அந்த அரை நாளில்தான் உங்கள் ஸ்பைக் பஸ்டர் வில்லனாகிறது. அதற்குள் வாரிஸ்டர் என்று துத்தநாக ஆக்சைடில் செய்த சின்ன வட்ட வில்லைகள் இருக்கின்றன. வோல்டேஜ் எகிறும்போது, எகிறியதை எர்த்துக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. வீட்டில் இந்த வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கப்பலில் ஒரு வயர் இரும்பைத் தொட்டுவிட்டாலோ, மற்ற வயர்களுக்கும் இரும்புக்கும் இடையே உள்ள வோல்டேஜ் ஏறி, பழுது சரியாகும்வரை அங்கேயே நிற்கும். ஸ்பைக் பஸ்டர் அதைத் தாக்க வந்த அலை என்று நினைத்து கரண்டைக் கடத்தத் தொடங்கினால் நிறுத்த ஆளில்லை. வில்லை சூடாகி, பிளாஸ்டிக் உருகி, பற்றிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. அதன் சுவிட்ச் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். இரண்டும் உயிருள்ள வயராக இருக்கும் இடத்தில், அணைத்துவிட்டோம் என்று நினைத்த பெட்டிக்குள்ளும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்கென்றே 2013-ல் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

நான் இருந்த ஒரு பயணிகள் கப்பலில், விடியற்காலை ஒரு கேபினிலிருந்து கருகல் வாடை வருகிறது என்று என்னை எழுப்பினார்கள். யாரோ கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தரைவிரிப்போடு சேர்ந்து உருகி ஒட்டிக்கிடந்தது. வயதான தம்பதி இருவரும் வாசலில் போர்வையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நல்லவேளையாகத் தீ பரவவில்லை. முத்தியால்பேட்டையில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடிவரலாம், தீயணைப்பு வண்டி வரும். கப்பலில் ஓடுவதற்குத் தெரு இல்லை. அந்த இருவரின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஸ்பைக் பஸ்டர் இல்லையென்றால் லேப்டாப் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். புயல் நேரத்தில் தெருக் கம்பியில் வருகிற குழப்பம் கப்பலில் கிடையாது. அது தன் கரண்டைத் தானே தயாரித்து, தானே கட்டுப்படுத்துகிறது. லேப்டாப் சார்ஜர் வயரின் நடுவே செங்கல் மாதிரி ஒரு பெட்டி இருக்கிறதே, அந்தச் செங்கலைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'இன்புட்' என்ற இடத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். கப்பலில் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்; வோல்டேஜ் 110, 220 இரண்டுமே இருக்கலாம். இந்தச் சார்ஜர் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். போன், டேப், கேமரா சார்ஜர்களையும் இதேபோல் பார்த்துவிடுங்கள். மோட்டாரும் சூடேற்றும் கம்பியும் உள்ளவைதான் ஒத்துவராது. நம் ஊர் ஹேர் டிரையரை 110-ல் போட்டால் சுணங்கும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், தண்ணீரில் முக்கும் ஹீட்டர் எதையும் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். அகர்பத்தியும் மெழுகுவர்த்தியும் அப்படியே.

இனி பிளக். நம் மூன்று உருளைப் பின், கப்பல் பிளக் பாயிண்டில் நுழையாது. அங்கே இருப்பது ஐரோப்பாவின் குழிக்குள் இருக்கும் இரண்டு வட்டத் துளையும், அமெரிக்காவின் இரண்டு தட்டைத் துளையும்தான். இதற்காக ஐநூறு, ஆயிரம் கொடுத்து பெரிய 'உலக அடாப்டர்' வாங்கவேண்டியதில்லை. அவற்றில் சிலவற்றுக்குள்ளும் அந்த வாரிஸ்டர் இருக்கிறது. லேப்டாப்பில் மாற்றவேண்டியது சுவரிலிருந்து செங்கல்வரை போகும் வயர் மட்டும்தான். செங்கலில் சொருகும் முனை மூன்று வட்டம் ஒட்டினாற்போல் இருக்கிறதா, எட்டு வடிவத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதே முனையும் மறுமுனையில் ஐரோப்பிய பிளக்கும் உள்ள கார்டு ஒன்று இருந்தால் போதும். போன் சார்ஜரின் இரண்டு பின் துளைக்குச் சரியாக இருந்தாலும், சிலவற்றின் உடம்பு அகலமாக இருப்பதால் குழிக்குள் இறங்காது. அதற்கு ஒரு சின்ன அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கைதான் உங்களுக்குப் பெரிய தலைவலியாக இருக்கும். பழைய கப்பல்களைக் கட்டிய காலத்தில் ஆளுக்கு இரண்டு போன் என்று யாரும் நினைக்கவில்லை. மேஜைமேல் ஒன்றிரண்டு பாயிண்ட்தான் இருக்கும். இதற்கு மல்டி பிளக்கைத் தேடாதீர்கள், பல நிறுவனங்கள் அதையும் தடுக்கின்றன. 65 வாட் கேன் (GaN) சார்ஜர் என்று உள்ளங்கைக்குள் அடங்குவது கிடைக்கிறது. அதில் யு.எஸ்.பி.-சி இரண்டு, பழைய யு.எஸ்.பி. ஒன்று இருக்கும். உங்கள் லேப்டாப் யு.எஸ்.பி.-சி-யில் சார்ஜ் ஏறுவதாக இருந்தால் செங்கலையே விட்டுவிட்டுப் போகலாம். லேப்டாப்பும் போனும் ஒன்றாகப் போட்டால் வாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும், லேப்டாப்புக்கு மெதுவாக ஏறும். அதனால் நீங்கள் வெளியே இருக்கும் நேரத்தில் கையோடு கொண்டுபோகும் பவர்பேங்கில் போனைப் போட்டு, இரவு சாப்பிட்டு வந்தபின் லேப்டாப்பைப் போடுங்கள். கட்டிலருகே யு.எஸ்.பி. துளை இருந்தால் போனுக்கு ஆகும், லேப்டாப்புக்கு ஆகாது. குளியலறையில் 'ஷேவர் மட்டும்' என்று எழுதிய பாயிண்டைத் தொடவே வேண்டாம். அதன் பின்னால் இருக்கும் குட்டி டிரான்ஸ்பார்மர் ஒரு லேப்டாப்பைத் தாங்காது.

பல கப்பல்களில் கேபினுக்குள் நுழைந்ததும் சாவி அட்டையைச் சொருகினால்தான் விளக்கு எரியும். சில கப்பல்களில் அட்டையை எடுத்ததும் பிளக் பாயிண்டும் அணைந்துவிடும். 'போட்டுவிட்டுப் போனேன், ஏறவேயில்லை' என்று பலர் குழம்புவது இதனால்தான். ஆனாலும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கரைக்கு இறங்கிப் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலையணைக்கு அடியிலும் கூடவே கூடாது.

சிபாப் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மகனிடம் இன்றே சொல்லி, கப்பல் நிறுவனத்துக்கு மருத்துவத் தேவை என்று எழுதச் சொல்லுங்கள். கட்டிலருகே பாயிண்ட் இல்லாவிட்டால், கப்பலுக்கு ஒத்துவரும் எக்ஸ்டென்ஷன் வயரை அவர்களே தருவார்கள். அதில் ஸ்பைக் பஸ்டர் இருக்காது. அந்த மெஷினுக்கான டிஸ்டில்டு வாட்டரையும் முன்கூட்டியே கேட்டால் பல நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும். மெஷினைப் பெட்டியில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி உங்கள் கேபின் வாசலுக்கு வர மாலையாகிவிடலாம்.

பவர்பேங்க் விமானத்தில் கைப்பையில் மட்டுமே போகலாம். பொதுவாக 100 வாட்-அவர் வரை விடுவார்கள். 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் 74 வாட்-அவர்தான், கவலையில்லை.

ஜி.எஸ்.டி. வேலையில் கரண்டைவிட இணையம்தான் சோதிக்கும். கப்பலின் வைஃபை செயற்கைக்கோள் வழியாக வருகிறது. பெரும்பாலும் கருவிக்கு இவ்வளவு என்று கட்டணம். லேப்டாப்புக்கு ஒன்று மட்டும் வாங்கி, அதில் வெளியேறி போனில் நுழைய முடியுமா என்று கவுன்டரில் கேளுங்கள். பல கப்பல்களில் முடியும். இரும்புச் சுவர் சூழ்ந்த உள் கேபினில் சிக்னல் தடுமாறினால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொதுக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். கப்பல் கிளம்பியதும் இரண்டு போனையும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த டவரைப் போன் பிடித்துக்கொண்டால், நீங்கள் போட்ட ஐரோப்பிய ரோமிங் பேக் அங்கே செல்லாமல் போய், பில் எகிறும். ஜி.எஸ்.டி. மாதக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய 20-ம் தேதி பயணத்துக்குள் வந்தால், 3பி ரிட்டர்னை மார்சேயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஓ.டி.பி. கடைக்காரரின் எண்ணுக்குத்தான் போகும் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. மே மாதத்தில் ஐரோப்பா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். உங்களுக்கு மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 9:30. கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவரிடம் 'ஓ.டி.பி. சொல்லுங்க' என்று கேட்க நேரும். அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பால்கனி இருந்தால் கடலைப் பார்த்தபடி கணக்கெழுத ஆசை வரும். நம் ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். ஏசி குளிரிலிருந்து லேப்டாப்பையோ கேமராவையோ சட்டென்று வெளியே கொண்டுபோனால் உள்ளேயும் ஈரம் பூக்கலாம். கேமராவைப் பைக்குள் வைத்தபடியே வெளியே எடுத்துப்போய், சற்றுப் பொறுத்துத் திறங்கள்.

கடைசியாக அந்த ஐரோப்பிய கார்டு. கடைக்குப் போகுமுன் வீட்டு அலமாரியில் ஒருமுறை தேடிப்பாருங்கள். பிரான்சில் பிள்ளை இருக்கும் புதுச்சேரி வீடுகளில், லீவுக்கு வந்தவர்கள் விட்டுப்போன வயர் ஒன்றாவது மூலையில் கிடக்கும். இரண்டு தடித்த வட்டப் பின், நடுவில் ஒரு துளை. உங்கள் செங்கலில் அது பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் மகனிடம் சொல்லுங்கள், மார்சேய்க்கு வரும்போது ஒன்று எடுத்து வரட்டும்.